பாதியில் நிற்கும் கை

காலையில் எழுந்ததும் அவன் முதலில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் குனிவான். சுவரில் சார்ஜரின் பிளக் ஆடாமல் இருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு தரையில் கிடக்கும் சார்ஜர் கட்டியைப் புறங்கையால் தொடுவான், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. இளஞ்சூடாக இருக்கும். நிமிர்ந்து, மேசைமேல் மூடிக் கிடக்கும் மடிக்கணினியின் விளிம்பைப் பார்ப்பான். அரிசி அளவில் ஒரு வெள்ளை விளக்கு மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். அப்படி ஏறி இறங்கினால் மெஷின் தூங்குகிறது என்று பொருள்.

பிறகு பல் துலக்குவான். கெட்டிலில் தண்ணீர் வைப்பான். இரண்டு கோப்பை காபி கலப்பான். முன்பு மூன்று கலந்தான் என்று சொல்ல முடியாது. முன்பு அவன் காபி கலந்ததே இல்லை. சர்க்கரை போடாத கோப்பையை மேசையின் மறுகோடியில் வைப்பான். அதற்குள் அத்தை முகம் கழுவி வந்து உட்கார்ந்திருப்பார்.

"விளக்கு எரியுதா மாப்பிள்ளை?"

"எரியுது அத்தை."

"சரி."

அத்தை என்றால் அவன் மனைவியின் அம்மா. மகள் போன பிறகு அவர் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அவனும் போகச் சொல்லவில்லை. மூடிய மடிக்கணினிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருவரும் காபி குடிப்பார்கள். சாப்பிடும்போது தட்டுகளை அதைச் சுற்றி வைத்துக்கொள்வார்கள். அதை யாரும் நகர்த்துவதில்லை. நகர்த்தக் கூடாது என்பது அவன் போட்ட உத்தரவு.

அவன் மனைவி பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் வரைபவள். இலை, எலும்பு, தவளையின் வயிறு, எரிமலையின் குறுக்குவெட்டு. அன்று அவள் வரைந்துகொண்டிருந்தது ஒரு மனிதக் கை. மாதிரிக்கு அம்மாவின் இடது கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, பார்த்துப் பார்த்து வரைந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூடியைச் சாத்திவிட்டு ஏதோ வாங்க வெளியே போனாள். தெருமுனையில் ஒரு லாரி பின்னோக்கி வந்தது. அவ்வளவுதான்.

கை மூடிக்குள்ளேயே நின்றுவிட்டது. முடியாத படத்தைச் சேமிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. "அரைகுறைக்குப் பேர் வச்சா அது அரைகுறையாவே நின்னுடும்" என்பாள். அவன் தலையில் அடித்துக்கொள்வான். ஆகவே அந்தப் படம் வன்வட்டில் இல்லை, நினைவகத்தில் மட்டும் இருந்தது. மெஷின் தூங்கும்போது திரை, விசிறி, வட்டு எல்லாம் அணைந்துவிடும். நினைவகத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சொட்டு நின்றால் கையும் போச்சு.

அப்படியானால் மூடியைத் திறந்து எழுப்பிவிட வேண்டியதுதானே என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அத்தையும் கேட்டார். அங்கேதான் சிக்கல். ஏனென்றால் அந்த மெஷின் எழும் என்று சொல்ல முடியாது. சில நாள் எழும். சில நாள் திரை கறுப்பாகவே கட்டைபோலக் கிடக்கும். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அணைத்தால் நினைவகம் காலி.

அந்தக் கோளாறை அதற்குள் வைத்தவனும் அவன்தான்.

அவன் பிழைப்பு இயங்குதளத்தின் அடிவயிற்றில். கர்னல் என்பார்கள். கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு சாதனத்தையும், வேலை இல்லாதபோது தூங்கவைத்து வேலை வந்ததும் எழுப்பிவிடும் பகுதியை அவன் கவனித்துக்கொண்டான். அலுவலகத்தில் அவனுக்குத் தூக்கத்துறை என்று பெயர். மனைவியின் மடிக்கணினி அவர்கள் சோதித்துக்கொண்டிருந்த அதே மாடல். எனவே எதைப் புதிதாக எழுதினாலும் முதலில் அவள் மெஷினில் ஏற்றிவிடுவான். கட்டிய மனைவியின் மெஷினைச் சோதனை எலியாக்க வேறு யாருக்கும் மனசு வராது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு யோசிக்கவே தோன்றாது.

"என் மெஷினுக்கு வைத்தியம் பாக்காதே" என்பாள் அவள். "நீ கைவச்ச பிறகுதான் அதுக்கு நோயே வருது."

இன்னொரு விஷயமும் இருந்தது. மருத்துவமனை வராந்தாவில் அத்தை அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டார். அவன் கொஞ்சம் விழித்துவிட்டு, "அம்மாவைச் சாப்பிடச் சொல்லுன்னா" என்றான். பொய். அது எங்கிருந்து வந்து வாயில் விழுந்தது என்று அவனுக்கே தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அத்தை வேளை தவறாமல் சாப்பிட்டார். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். பொய் வேர் பிடித்துவிட்டது. இனி அதைப் பிடுங்கினால் கூடவே எது வரும் என்று சொல்ல முடியாது.

இப்படி நாட்கள் ஓடிக்கொண்டிருக்கையில்தான் ஒரு நாள் காலை லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டடத்தின் மெயின் போர்டை மாற்றுகிறார்கள். நண்பகல் முதல் மாலை வரை மின்சாரம் இருக்காது. ஒத்துழைப்புக்கு நன்றி.

அலுவலகத்துக்குக் கிளம்பியவன் கீழே போய் வெளியே வராமலே அதே லிஃப்டில் மேலே வந்தான்.

"என்ன மறந்துட்டீங்க?" என்றார் அத்தை.

"பன்னெண்டு மணிக்குக் கரண்டு போகுதாம்."

"போனா என்ன? அதுக்குள்ள பேட்டரி இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா கரண்டு போன உடனே இது ஒரு நொடி முழிச்சுக்கும். என்ன ஆச்சுன்னு பாத்துட்டு மறுபடி தூங்கும். இந்த மாடல் அப்படி."

"முழிச்சா நல்லதுதானே? நாம அதுக்குத்தானே தவம் கிடக்கறோம்?"

"முழிக்கும்போது நடுவுல மாட்டிக்கிட்டா போச்சு அத்தை. அப்புறம் அணைக்கறதைத் தவிர வழி இல்ல."

அத்தை கோப்பையைக் கீழே வைத்தார். "உங்க தொழில்ல எதுதான் நேரா நடக்கும்?"

"ஆபீஸ்ல யுபிஎஸ் இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன். அதுல சொருகிட்டா கரண்டு போனது இதுக்குத் தெரியாது. அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

"நான் எதைத் தொட்டேன்? அவ வரைஞ்ச என் கையை நானே இன்னும் பாக்கல."

அவன் படியிறங்கினான். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றான். யுபிஎஸ் கிடைத்துவிடும். ஆனால் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி யுபிஎஸ்ஸில் செருக வேண்டும். அந்த இடைவெளியில் மெஷின் விழித்துவிடுமா? சார்ஜர் கட்டிக்குள் கொஞ்சம் மின்சாரம் தேங்கியிருக்கும். கண் இமைக்கும் நேரம் தாங்கும். பிடுங்கிய கையோடு செருகிவிட வேண்டும்.

இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்தியதிலேயே இறங்கி நடந்தான். நடப்பது வேகம் என்பதால் இல்லை. நிற்க முடியவில்லை.

அலுவலகத்தின் சோதனைக்கூடத்தில் வோல்டேஜ் மட்டும் இருந்தாள். வன்பொருள் பிரிவைக் கவனிப்பவள். கோபம் வந்தால் எவ்வளவு ஏறும் என்று யாருக்கும் தெரியாததால் அந்தப் பெயர். அவன் மனைவி இறந்தபோது துக்கம் விசாரிக்காத ஒரே ஆள் அவள்தான். வேலைக்குத் திரும்பிய முதல் நாள், "வந்துட்டியா? உன் குப்பையைக் கூட்டிக் கூட்டி என் இடுப்பு போச்சு" என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு அது ஒத்துப்போனது.

"யுபிஎஸ் வேணும்" என்றான்.

"வணக்கம் சொல்லு. எப்படி இருக்கேன்னு கேளு."

"எப்படி இருக்கே?"

"கேவலமா. உட்காரு, உன் திருட்டைக் கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்."

"நேரமில்ல. யுபிஎஸ் எங்க இருக்கு?"

"உட்காருடா."

மேசைமேல் அதே மாடல் மெஷின் ஒன்று வயிறு திறந்து கிடந்தது. உள்ளிருந்து தலைமுடி போல இரண்டு கம்பிகள் பற்றவைக்கப்பட்டு வெளியே வந்து ஒரு பெட்டிக்குள் போயின. பெட்டியின் திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடு ஓடியது. மெஷினுக்குள் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் தடம் அது. அதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுந்துக்க மாட்டேங்குதுன்னு வாங்கினவங்க கத்தறாங்க. இங்க வச்சா நல்லாத்தான் எழுந்திருக்கு. நாமளும் அவங்க பொய் சொல்றாங்கன்னு இருந்தோம். இல்லையா?"

"ஆமா."

"இங்க நாம எப்பவாவது சார்ஜர் மாட்டித் தூங்க வச்சிருக்கோமா?"

அவன் யோசித்தான். இல்லை. அந்தக் கூடத்தில் வேலையே மெஷின் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அளப்பதுதான். சார்ஜர் மாட்டினால் அளவு கெட்டுவிடும் என்று எல்லா மெஷினையும் அளக்கும் கருவியின் கம்பியில்தான் கட்டிப்போட்டிருப்பார்கள். சார்ஜர்கள் அலமாரிக்குள் பாம்புக் குட்டிகள் மாதிரி சுருண்டு கிடக்கும்.

"பாரு" என்றாள். அலமாரியிலிருந்து எடுத்த ஒரு சார்ஜரைச் சொருகினாள். மூடியைச் சாத்தினாள். விளக்கு ஏறி இறங்கத் தொடங்கியதும் திறந்தாள். கறுப்பு. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மீண்டும் தொடங்கி, மீண்டும் சாத்தி, திறந்தாள். மீண்டும் கறுப்பு. பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு அதையே செய்தாள். திரை பளிச்சென்று வந்தது.

"மாட்டினா கட்டை. கழட்டினா கன்னுக்குட்டி. இதோ, இங்க பாரு, யார் முந்திக்கிட்டுக் கத்தறாங்கன்னு."

அவன் கோட்டைப் பார்த்தான். பார்த்த உடனே புரிந்துவிட்டது. அவன் எழுதியதுதானே.

சாதனங்களுக்குள் குடும்ப முறை உண்டு. தடம் அம்மா என்றால் அதில் தொங்கும் சில்லுகள் பிள்ளைகள். பிள்ளைகள் எல்லாம் தூங்கிய பிறகுதான் அம்மா படுக்கலாம். எழும்போது அம்மா முதலில் எழ வேண்டும், பிறகு பிள்ளைகள். ஒரு முறை மனைவிக்கு இதை விளக்கியபோது அவள், "நல்லா இருக்கு. அம்மாவுக்கு அங்கயும் லீவு கிடையாது" என்றாள். மெஷின் இன்னும் வேகமாக எழட்டும் என்று அவன்தான் ஒரு சலுகை கொடுத்திருந்தான்: சார்ஜரைக் கவனிக்கும் சில்லு அம்மாவுக்குக் காத்திருக்காமல் தானே எழலாம். ஒரே ஒரு வரி. சார்ஜர் மாட்டாவிட்டால் அந்தச் சில்லுக்குச் சொல்ல எதுவும் இல்லை, சும்மா இருக்கும். மாட்டியிருந்தால் எழுந்த வேகத்தில் கரண்டு வருது, கரண்டு வருது என்று கூப்பிடும். கேட்க வேண்டிய அம்மா இன்னும் எழவில்லை. பதில் வரட்டும் என்று பிள்ளை நிற்கும். பிள்ளை முடிக்கட்டும் என்று அம்மா நிற்பாள். இரண்டும் நின்றுகொண்டே இருக்கும்.

"சார்ஜர் மாட்டியிருந்தா எழுந்திருக்காது" என்றான் அவன், மெதுவாக.

"அதைத்தானே நானும் சொல்றேன்."

இந்த வாக்கியம் அவனுக்குப் புதிது இல்லை. யார் சொன்னது, எங்கே நின்றுகொண்டு சொன்னது, எல்லாம் தெரியும். இத்தனை நாளும் உள்ளே இருந்திருக்கிறது.

"என்னடா, முகம் வெளுத்துப் போச்சு?"

"வீட்டுல அவ மெஷின் தூங்குது. சார்ஜர் மாட்டித்தான் வச்சிருக்கேன். அவ போன நாள்லேர்ந்து."

வோல்டேஜுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த சார்ஜரை மேசையில் வைத்தாள். "கழட்டிட்டுத் திறந்தா போதும். கரண்டு போனாக்கூட அதுவும் கழட்டின மாதிரிதான். ஒண்ணும் ஆகாது. நீ ஏன் யுபிஎஸ் யுபிஎஸ்னு குதிக்கறே?"

அவன் அதற்குள் எழுந்துவிட்டான். கரண்டு போவது ஆபத்தில்லை. அவன் இத்தனை நாள் காய்ச்சல் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய அந்தச் சார்ஜர்தான் ஆபத்து. அது மாட்டியிருக்கும்போது யாராவது மூடியைத் திறந்தால் கதை முடிந்தது. வீட்டில் அத்தை தனியாக இருக்கிறார். கரண்டு போனால் எல்லாம் போய்விடும் என்று அவரைப் பயமுறுத்திவிட்டு வந்தவன் அவனே. போவதற்குள் ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றாதா? அவனாக இருந்தால் தோன்றும்.

போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அத்தை போனை எப்போதும் தான் இல்லாத அறையில்தான் வைப்பார்.

"யுபிஎஸ் வேண்டாமா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் வோல்டேஜ்.

"வேண்டாம்."

"மேசையிலேர்ந்து எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டது என்னோட ஹெட்போன். அதையாவது குடுத்துட்டு ஓடு."

நடையில் மேலாளர் எதிர்ப்பட்டார். எதைக் கேட்டாலும் ஒரு தேதியைச் சொல்வதால் அவருக்குக் காலண்டர் என்று பெயர்.

"எங்க கிளம்பிட்ட? அந்தக் கோளாறு இன்னிக்குள்ள சரியாகணும். நாளைக்கு அனுப்பறோம்."

"ஒரு வரிதான் சார். எடுத்துட்டா சரியாயிடும்."

"யார் போட்ட வரி?"

"நான் போட்டது."

காலண்டர் அடுத்ததைக் கேட்பதற்குள் அவன் கதவைத் தாண்டிவிட்டான்.

டாக்சி பிடித்தான். பாதி வழியில் வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டாமல் முட்டிக்கொண்டு நின்றன. மறுபடி போன் போட்டான். எடுக்கவில்லை. டிரைவர் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார்.

"அவசரமா?"

"ஆமா."

"ஆஸ்பத்திரியா?"

"இல்ல. வீட்டுல ஒண்ணு தூங்குது. யாராவது எழுப்பிடப் போறாங்க."

"குழந்தைங்கன்னா அப்படித்தான் சார்" என்றார் டிரைவர். "எங்க வீட்டுலயும் தூங்க வைக்கறதுக்குள்ள உயிர் போயிடும்."

அவன் திருத்தவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு நடுவிலேயே இறங்கி ஓடினான். தெருமுனையில் மட்டும் ஓடவில்லை. அங்கே எப்போதும்போல எதிர்ப்பக்கம் கடந்து, சுவரைப் பார்த்தபடி நடந்தான். அதைத் தாண்டியதும் மறுபடி ஓடினான்.

கட்டடத்தின் கீழே இரண்டு பேர் மெயின் போர்டின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்டை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். படியேறினான். மூச்சு நெஞ்சுக்கு வெளியே எங்கோ இரைந்தது. சாவி துவாரத்துக்குள் போக மறுத்தது. ஒருவழியாகக் கதவு திறந்தது.

அத்தை மேசையில் உட்கார்ந்திருந்தார். இடது கையை விரித்து, உள்ளங்கை கீழே படும்படி மேசைமேல் வைத்திருந்தார். அன்று வைத்த அதே இடம். வலது கை விரல்கள் மடிக்கணினியின் மூடி விளிம்பில் இருந்தன.

"அத்தை" என்றான். அதற்குமேல் மூச்சு இல்லை.

அவர் சுடுபட்டவர்போல விரலை எடுத்தார். "இன்னும் திறக்கல. கீழ சத்தம் கேட்டுது. போறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடலாமான்னு... மனசு கேக்கல மாப்பிள்ளை. திறக்கவும் முடியல."

அவன் விளக்கைப் பார்த்தான். ஏறி இறங்கியது. மேசைக்கு அடியில் போனான். முழங்கால் தரையில் பட்டது. சார்ஜர் கட்டியைப் புறங்கையால் தொட்டான், பழக்கத்தில். பிறகு பிளக்கைப் பிடித்து இழுத்தான். இத்தனை நாள் ஆடாமல் இருந்ததால் கொஞ்சம் அடம்பிடித்து, வந்தது.

"ஐயோ, ஏன் கழட்டறீங்க?"

"விளக்கைப் பாருங்க. என்ன பண்ணுது?"

மேலே நாற்காலி நகர்ந்தது.

"ஏறி இறங்காம நின்னு எரியுது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். விழித்துவிட்டது. மறுபடி தூங்கினால்தான் நல்லபடி விழித்தது என்று பொருள். தூங்காவிட்டால் நடுவில் மாட்டிக்கொண்டது என்று பொருள்.

"இப்போ?"

"நின்னுதான் எரியுது." பிறகு, "இல்ல. இறங்குது. ஏறுது. இறங்குது. பழையபடி ஆயிடுச்சு."

அவன் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரும்போது தலையை இடித்துக்கொண்டான். அத்தை கையை நீட்டி அவன் உச்சந்தலையைத் தேய்த்துவிட்டார்.

"இப்ப திறக்கலாம்" என்றான்.

"திறங்க."

"நீங்க திறங்க."

அத்தை திறந்தார். ஒரு கணம் கறுப்பு. அவன் அந்தக் கறுப்பில் தன் முகத்தையும் அத்தையின் முகத்தையும் பார்த்தான். பிறகு முகங்கள் மறைந்து கை வந்தது. கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. பூட்டுத் திரை எரிச்சலாக இருக்கிறது என்று அவளே அதை எடுத்துவிடச் செய்திருந்தாள்.

கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் முடிந்திருந்தன. மடிப்பு, நகம், நகத்தடியில் நிழல்கூட இருந்தது. நடுவிரல் பாதி. மற்ற இரண்டும் மெல்லிய கோடுகள். மணிக்கட்டு இல்லை.

அத்தை தன் இடது கையைத் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என் ஆட்காட்டி விரல் கோணலா இருக்கும். சின்ன வயசுல கதவுல நசுங்கினது. அதையும் கோணலாவே போட்டிருக்கா. பாடப் புத்தகத்துல இப்படிப் போட்டா திருப்பி அனுப்பிட மாட்டாங்களா?"

"முதல்ல உள்ளதை உள்ளபடி போட்டுடுவா. அப்புறம்தான் திருத்துவா."

"திருத்தல."

"ம்."

அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினான். சேமிக்கச் சொன்னான். பெயர் கேட்டது.

"அரைகுறைக்குப் பேர் வைக்கக் கூடாதும்பா" என்றார் அத்தை.

"தெரியும்."

பெயர்க் கட்டத்தில் மெஷினே 'பெயரிடாதது' என்று எழுதி வைத்திருந்தது. அவன் அதைத் தொடாமல் சரி என்று அழுத்தினான். வட்டு ஒரு முறை முனகியது. அவ்வளவுதான். இத்தனை நாள் அவனை ஆட்டிவைத்த காரியம் கொட்டாவி விடும் நேரத்தில் முடிந்துவிட்டது.

அவனுக்கு உட்கார வேண்டும் என்று முதல் முறையாகத் தோன்றியது. உட்கார்ந்தான்.

கீழே யாரோ ஏதோ சொன்னார்கள். ஃபிரிஜ் ஒரு நடுக்கத்தோடு நின்றது. மின்விசிறி தளர்ந்து தளர்ந்து ஓய்ந்தது. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மடிக்கணினியின் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"கழட்டினா எழுந்திருக்கும்னு இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சீங்களா?" என்றார் அத்தை.

"ஆபீஸ்ல ஒருத்தி கண்டுபிடிச்சா." நிறுத்தினான். "எனக்கு முன்னாடியே தெரியும் அத்தை. ஒருத்தர் சொல்லியிருந்தாங்க. காதுல விழுந்துச்சு, உள்ள போகல."

அத்தை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அன்னிக்கு மத்தியானம் நானும் அவளும் ஒண்ணாத்தான் சாப்பிட்டோம்" என்றார்.

அவன் நிமிர்ந்தான்.

"சாப்பிட்டுக் கை கழுவினதும்தான் அவ கிளம்பினா. இப்பத்தான் வயிறு முட்டச் சாப்பிட்ட அம்மாவை எதுக்குச் சாப்பிடச் சொல்லுன்னு சொல்லப் போறா?"

"அப்போ... உங்களுக்கு அன்னிக்கே..."

"வராந்தாவுலயே தெரியும். ஏதோ சொல்லணுமேன்னு நீங்க சொன்னீங்க. யாரோ சொன்னாங்கன்னாவது சாப்பிடணுமேன்னு நான் சாப்பிட்டேன். அதுக்கு என்ன இப்போ? பொய்யா இருந்தாலும் சோறு உள்ள போச்சு." அத்தை தன் கோணல் விரலைத் தடவிக்கொண்டார். "அவ கிளம்பும்போது நான் குளியலறையில இருந்தேன். தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நீங்க மட்டும்தான் இங்க இருந்தீங்க. இப்ப சொல்லுங்க. என்னவா இருந்தாலும் பரவாயில்ல."

அவன் வாசலைப் பார்த்தான். அன்றும் இதே நாற்காலிதான். தன் மெஷினில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் இல்லாமலும் நின்று, பேசினாள். அவன் தலையைத் தூக்காமல் "ம்" என்றான். கதவு சாத்தியது. பிறகு அதை எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தரமும் அந்த "ம்" மட்டும்தான் கேட்டது. அதற்கு முன்னால் அவள் சொன்னது ஒரு தகவல் என்று தோன்றியதே இல்லை.

"பெரிசா ஒண்ணும் இல்ல அத்தை. மெஷினைப் பத்தித்தான்."

"அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அவன் சொன்னான்.

"'நான் வர்றதுக்குள்ள அதை நோண்டாதே. நோண்டித்தான் ஆகணும்னா சார்ஜரைக் கழட்டிட்டுத் திற. மாட்டியிருந்தா எழுந்திருக்காது, நூறு தடவை சொல்லிட்டேன்.'"